காணிக்கையாய்ப் போன கிட்டார்

“எல்லாம் சரி ஓய், இதை உம்ம ஆத்துக்காரி கண்ணுல படாம எப்படி உள்ள கொண்டு போவீர்?” என்று கேட்டார் பஞ்சு.

பாக்கியசீலன் மடியில் கிடந்த கிட்டாரின் வயிற்றைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். பஞ்சுவின் மகன் ஸ்ரீராகவ் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனபோது கல்லிடைக்குறிச்சி வீட்டில் விட்டுப்போன எலக்ட்ரிக் கிட்டார் அது. நல்ல குங்குமச் சிவப்பு. வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் வளைந்த துளைகள்.

“அத நான் பாத்துக்கிடுதேன் சார். மொதல்ல வயித்தப் பாக்கணும்லா.”

“உள்ள பாதி காலி, பாதி கட்டைம்பான் எம்புள்ள. குறைன்னா இப்பவே சொல்லிடும்.”

“குறையா! அதுதான சார் விசேஷமே. முழுசும் காலின்னா, கரண்டுல சத்தத்த ஏத்தும்போது ஊளையிடும். முழுசும் கட்டைன்னா மரத்தோட குரலே வராது. இதுல நடுவுல மட்டும் கட்டை. ஜாஸும் புளூஸும் வாசிக்கவனுக்கு இதவிட்டா வேற கெடையாது.”

பாளையங்கோட்டையில் புளூஸ் வாசிக்கத் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்பதில் பாக்கியசீலனுக்குச் சந்தேகமே இல்லை. கிளார்க் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தானே கற்றுக்கொண்டவன். அவன் பழைய மரக் கிட்டாரை எடுத்தாலே, தெருச் சத்தம் அவனுக்கு இடைஞ்சலாகக் கூடாதென்று அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். கோயிலில் ஞாயிறு ஆராதனைப் பாடகர் குழுவில் அவனுக்கென்று தூணுக்குப் பின்னால் தனி நாற்காலி. அவ்வளவு கனமான வாசிப்பு.

கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி ஒரு புளூஸ் எடுத்துவிட்டான். பாதிகூட ஆகவில்லை.

“போதும் ஓய், போதும்! நீர் கேட்ட விலைக்கே எடுத்துண்டு போம்!”

பஞ்சுவின் கண் கலங்கியிருந்தது. மகன் ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று பாக்கியசீலன் மரியாதையாகக் குனிந்துகொண்டான்.

வீட்டில்தான் சிக்கல். “இன்னொரு கிட்டாரு இந்த வாசப்படி ஏறிச்சின்னா, நான் நாசரேத்துல எங்க அம்மை வீட்டுக்குப் போயிருவேன்” என்று மனைவி ஜெமிமா சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கரண்டில் பாடும் கிட்டார் சாத்தானின் வாத்தியம் என்று நினைக்கிறாள், பாவம். கிட்டார் வந்து சேர்ந்து, இவன் வாசித்து, அவள் கேட்டுவிட்டால் உருகிவிடுவாள். அதுவரை மறைக்க வேண்டும், அவ்வளவுதானே?

பஞ்சு ஒரு சாக்கு கொடுத்தார். உள்ளே வாழைச்சருகை அடைத்துக் கட்டியதில் கிட்டாரின் கழுத்து மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் சருகைச் சுற்றினான்.

“என்ன அண்ணாச்சி, வாழைத்தாரா?” என்றார் பஸ் கண்டக்டர்.

பாக்கியசீலன் மூட்டையைப் பார்த்தான். அச்சு அசல் வாழைத்தார்தான். “ஆமா தம்பி, நாட்டு வாழ” என்றான் பெருமையாக.

பாளையங்கோட்டையில் இறங்கினால் எதிரே ஜெமிமா, இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு. கூடவே பக்கத்து வீட்டுக் கிழவி சாரம்மாள், கையில் ஒரு கோழியோடு.

“எங்க போயிட்டு வாரிய? அது என்னது?”

“வாழைத்தாரு. நாளைக்கு அறுப்பின் பண்டிகைல்லா. காணிக்கைக்கு.”

ஜெமிமா மூட்டையை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லதாப் போச்சு. நாங்களும் கோயிலுக்குத்தான் போறோம். வாங்க, கையோட வச்சிட்டு வந்துருவோம்.”

வருஷத்துக்கு ஒரு தடவை அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்ந்ததையும் கொண்டுவந்து படைப்பார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் மைதானத்தில் ஏலம் விடுவார்கள். பாக்கியசீலனின் மூட்டை பூசணிக்கும் கரும்புக்கும் நடுவே பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தது.

அவன் அசரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் சந்தையில் நிஜமாகவே ஒரு வாழைத்தார் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனான். மணியடித்துக் கதவு பூட்டும் சுவிசேஷமுத்து வாசலில் நின்றார்.

“என்னவே, இன்னொன்னா?”

“அதுக்குப் பதிலா இது அண்ணாச்சி. அது கொஞ்சம் பிஞ்சு.”

“பிஞ்சோ பழமோ, பீடத்து முன்னால வச்சாச்சுல்லா. வச்சதத் திருப்பி எடுத்த ஆளு இந்தச் சபையிலயே கெடையாது. இதையும் உள்ள வச்சிட்டுப் போரும்.”

இப்போது கிட்டாரும் போயிற்று, வாழைத்தாரும் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பாக்கியசீலனுக்குத் தெளிவு பிறந்துவிட்டது. படைத்தவரே ஏலத்தில் திரும்ப எடுப்பது சபையில் வழக்கம்தான். சாரம்மாள் ஒரே கோழியை மூன்று வருஷமாகப் படைத்து, அவளே எடுத்து வளர்க்கிறாள். தானும் கிட்டாரை ஏலத்தில் எடுத்துவிட்டால்? கோயில் ஏலத்தில் எடுத்த பொருளை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று ஜெமிமாவால் சொல்ல முடியுமா? இது எப்படி முன்னாலேயே தோன்றாமல் போயிற்று!

வீட்டில் ஜெமிமா இல்லை. தெருமுனையில் நாலைந்து பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பண்டிகை வேலை.

மறுநாள் மைதானத்தில் சுவிசேஷமுத்து சாக்கை அவிழ்த்ததும் கூட்டம் ‘ஆ’வென்றது.

“வாழைத்தாருன்னு சொன்னிய?” என்றாள் ஜெமிமா.

“காணிக்கைய முன்கூட்டியே சொன்னா பெரும பேசினதா ஆயிரும்லா” என்றான் பாக்கியசீலன், கண்ணிமைக்காமல்.

குருவானவர் எழுந்து, தன் உயிருக்கு உயிரானதையே கொடுத்துவிட்ட சகோதரருக்காகக் கைதட்டச் சொன்னார். கைதட்டல் ஓயவே இல்லை. சிலர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

ஏலம் தொடங்கியது. பாக்கியசீலன் முதல் விலை கேட்டான். வேறு யார் கேட்கப்போகிறார்கள் என்று அவன் சட்டைப்பையில் கைவிடும்போது, பின்னாலிருந்து ஒரு குரல் அதற்கு மேல் கேட்டது. எதிர்வீட்டு ஹெப்ரான். கணக்கு வாத்தியார். சீட்டியடிக்கக்கூடத் தெரியாதவன்.

“ஏலே, இது கிட்டாருலே!”

“தெரியும் அண்ணாச்சி” என்று அவன் இன்னும் ஏற்றினான்.

பாக்கியசீலன் ஏற்றினான். ஹெப்ரான் கூட்டத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு ஏற்றினான். பாக்கியசீலன் சம்பளத்தைத் தாண்டினான், சைக்கிளைத் தாண்டினான், மாமனார் போட்ட மோதிரத்தையும் மனசுக்குள் விற்றான். ஹெப்ரான் நிற்கவில்லை. கடைசியில் சுவிசேஷமுத்து மூன்று தரம் கூவி, கிட்டாரை ஹெப்ரான் கையில் கொடுத்தார். காணிக்கை கொடுத்தபோது கேட்டதைவிடப் பெரிய கைதட்டல்.

பாக்கியசீலன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். இப்போது என்ன கெட்டுப்போயிற்று? வாசிக்கத் தெரியாதவன் வாங்கியிருக்கிறான். தெரிந்தவன் எதிர்வீட்டிலேயே இருக்கிறான். நேரே ஹெப்ரானிடம் போனான்.

“கவலப்படாதலே. சாயங்காலம் சாயங்காலம் நானே ஒன் வீட்டுக்கு வந்து வாசிச்சுக் காட்டுதேன்.”

ஹெப்ரான் முகம் வெளிறிவிட்டது. கிட்டாரைப் பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போனான்.

“வேண்டாம் அண்ணாச்சி.”

“பின்ன எதுக்குலே எடுத்த? ஒனக்கு வாசிக்கவா தெரியும்?”

ஹெப்ரான் ஜெமிமாவைப் பார்த்தான். ஜெமிமா பூசணிக்காயைப் பார்த்தாள். சாரம்மாள்தான் பொறுக்கமாட்டாமல் கோழியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

“அவன் வாசிக்கதுக்கா எடுத்தான்? நீ வாசிச்சிரக் கூடாதுன்னுல்லாய்யா, தெருவே பங்கு போட்டு எடுத்திருக்கோம். மொதப் பங்கு ஒம் பொஞ்சாதிதான் போட்டா.”