குதிக்கத் தெரியாத கோச்

ஒரு படி இறங்கவே கைப்பிடியைத் தேடுகிறவர்களுக்குத்தான் தன் பிள்ளை ஒலிம்பிக் போக வேண்டும் என்ற ஆசை அளவுக்கு மீறி வரும். நான் அந்த ரகம். பள்ளியில் பாண்டி ஆடக் கூப்பிட்டால், "நீங்க ஆடுங்கடி, நான் பையப் பாத்துக்கறேன்" என்று ஓரமாக உட்கார்ந்தவள். வளர்ந்து கணக்கு டீச்சரானதும் பி.டி. பீரியடையெல்லாம் கடன் வாங்கிக் கணக்கு நடத்தினேன். (பிள்ளைகள் விட்ட சாபம் சும்மா போகுமா?)

என் மகள் நிவிக்கு அப்போது ஐந்து வயது. சமதரையில் தடுக்கி விழுவாள். பந்தைப் போட்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். பந்து மூக்கில் படும். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, எல்லாரும் நல்லா குதிக்கறாங்க. எனக்குத்தான் வரல. அதனால என்னை ஆட்டத்துல சேத்துக்க மாட்டேங்கறாங்க" என்றாள். பையை நானே கழற்றிவிட்டேன்.

திருச்சி புத்தூரில் சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி, ஓடவிட்டுக் குதிக்கவிட்டுப் பார்த்துத்தான் சேர்ப்பார்களாம். கூட்டம் அதிகம், இடம் குறைவு. விடுவேனா? பேட்மின்டன் மட்டை, முட்டிக்கு உறை, நெற்றிக்குப் பட்டை எல்லாம் வாங்கினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட் ஹாலையே ஸ்டேடியமாக்கினேன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் 'வருங்கால சாம்பியன்' என்று போட்டோ வேறு.

"அம்மா என்ன செய்யறேனோ, அத அப்படியே செய்யணும். புரியுதா?" என்று சொல்லிவிட்டு நான் குதிப்பேன். (குதிப்பது என்று நான்தான் சொல்கிறேன். கீழ்வீட்டு மாமி படியேறி வந்து, "ஏம்மா, பீரோவ நகத்திண்டிருக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.) நிவி சொன்ன பேச்சு கேட்கிற குழந்தை. வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் பாதிக் குழந்தைகள் அம்மாவின் துப்பட்டாவை விடாமல் அழுதுகொண்டிருந்தன. கோச் ஓர் இளம்பெண். என் கையிலிருந்த மட்டையைப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க மேடம்?"

"பேட்மின்டன்ல இப்பவே ஆரம்பிச்சாத்தான..."

"இந்த வயசுல ஓடணும், குதிக்கணும், உருளணும், எறிஞ்சு பிடிக்கணும். முதல்ல கை காலு சொன்னபடி கேக்கட்டும். அப்புறம் எந்த ஆட்டம் பிடிக்குதுன்னு அவங்களே சொல்வாங்க. மட்டைய வண்டியில வெச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன். நிவியின் முறை. தரையில் கிடந்த கயிற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டும், அவ்வளவுதான். என் மகள் கயிற்றின் முன்னால் நின்றாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றினாள். "அப்பா... ரங்கநாதா..." என்று முனகினாள். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். யோசித்து இன்னொரு காலையும் எடுத்து வைத்தாள். பிறகு இல்லாத துப்பட்டாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "யாருங்க இதச் சொல்லிக் கொடுத்தது?" என்றாள் கோச். நான் வானத்தைப் பார்த்தேன். நிவிக்கு உதடு பிதுங்கியது. "நீ செஞ்ச மாதிரிதானேம்மா செஞ்சேன்?" என்றாள். அந்த இடத்திலேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இன்னொரு தடவ பாக்கலாம். மேடம், நீங்க அந்த மரத்தடிக்குப் போயிடுங்க. உங்களயேதான் பாக்கறா."

போனேன். மரத்தடியில் கட்டெறும்புக் கூட்டம் இருந்ததை அவளும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. சுடிதாருக்குள் முதல் கடி கணுக்காலில். வலது காலைத் தூக்கினேன். அங்கே நிவியும் தூக்கினாள். அடுத்தது முட்டியில். பிறந்ததிலிருந்து செய்யாத காரியமாக ஒற்றைக் காலில் துள்ளினேன். கையை உதறினேன். சுழன்றேன். "ஆ! ஊ!" என்றேன். நிவி அச்சுப் பிசகாமல் எல்லாவற்றையும் செய்தாள். அவளைப் பார்த்து வரிசையில் நின்ற வாண்டுகள் செய்தன. துப்பட்டாவைப் பிடித்து அழுதவையும் ஓடிவந்து சேர்ந்துகொண்டன. மைதானமே சாமியாடியது. கடைசியில் கால் தடுக்கி நான் மல்லாக்க விழ, அத்தனை குழந்தைகளும் தொப்பென்று மல்லாந்தார்கள்.

நான் எழுந்திருக்கவே இல்லை. எழுந்து திருச்சியில் யார் முகத்தில் முழிப்பது? காதில் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அது நிவியின் சிரிப்பு. கண்ணைத் திறந்தால், என் மகள் ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி என்னை நோக்கி வருகிறாள். இடுப்பில் கை இல்லை, ரங்கநாதரும் இல்லை.

"அம்மா, வருதும்மா! எனக்கு வருது, பாரேன்!"

அழுதுவிட்டேன். (எறும்புக்கடி என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.)

கோச் என்னைத் தூக்கி நிறுத்தினாள். "பாப்பாவச் சேத்துக்கறேங்க. அழுத பசங்கள ஒரு அடி நகத்த முடியாம நின்னுட்டிருந்தேன். எல்லாத்தையும் ஆட வெச்சுட்டீங்க" என்றாள்.

நிவி இப்போது ஆறாம் வகுப்பு. ஓட்டத்தில் அவளைப் பிடிக்க ஆளில்லை. நான் ஆசைப்பட்ட பேட்மின்டன் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் புத்தூரில் புதிதாக வரும் குழந்தைகளுக்கு இன்றுவரை முதல் பயிற்சி 'நிவி அம்மா ஸ்டெப்'தான். மண்ணச்சநல்லூரிலிருந்து வேனில் வரும் பொடிசுகள்வரை, "ஆ! ஊ!" சத்தம் உட்பட, சுத்தமாகச் செய்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் என் கணவர் காபி கொடுப்பதில்லை.

போன வாரம் நிவியைக் கூட்டிவரப் போனேன். அவள் முன்னால் நின்று பொடிசுகளுக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குட்டிப்பெண் என்னைக் காட்டி, "அக்கா, இதக் கண்டுபிடிச்சது அந்த ஆன்ட்டியா? ஒரு தடவ செஞ்சு காட்டச் சொல்லுக்கா" என்றாள்.

நிவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சும்மாச் சொன்னா வராது. எறும்பு பிடிச்சிட்டு வரணும்."