மௌத்துக் காக்காவும் என் நனைந்த ஹார்ட் டிஸ்க்கும்

மட்டக்களப்பில் மௌத்துக் காக்காவைப் போல ஆட்களை அழவைத்தவர் வேறு யாருமில்லை. அவருக்குத் தொழில் கம்பியூட்டர் திருத்துவது.

மௌத்து என்றால் சாவு, காக்கா என்றால் அண்ணன். காத்தான்குடி ஆள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, யாருக்கும் தேவைப்படவில்லை. எதைக் கொண்டுபோனாலும் தொட்டுப் பார்ப்பார். காதை வைத்துக் கேட்பார். "மௌத்து" என்பார். அதற்குப் பிறகுதான் திருத்தத் தொடங்குவார். அநேகமாகத் திருத்தியும் விடுவார்.

அவர் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். எதிரே நான் ஆட்டோ நிறுத்துமிடம். சவாரி இல்லாத நேரம் கடைக்குள்தான் இருப்பேன்.

ஒரு டீச்சர் லெப்டொப்போடு வந்தார். திரை முழுக்க நீலம். விண்டோஸ் எழும்பவில்லை.

"நீலம் பாரிச்சிட்டு டீச்சர். பாம்பு கடிச்ச கேஸ் மாதிரி."

"ஐயோ காக்கா, பிள்ளைகள்ற மார்க்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான்!"

"மனசத் தேத்திக்குங்க. ஊட்டாக்களுக்குச் சென்னீங்களா?"

டீச்சர் கதிரையில் உட்கார்ந்து அழுதார். நான் சோடா வாங்கி வந்து கொடுத்தேன். சோடா முடியுமுன் லெப்டொப் எழும்பிவிட்டது. மார்க்ஸ் ஒன்றும் அழியவில்லை. டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். காக்காவின் முகம் மாறவில்லை.

"இப்ப நல்லாத்தான் இரிக்கி. நம்பி இரிக்காதீங்க."

இன்னொரு நாள் ஒரு கந்தோரில் நெட்வேர்க் விழுந்துவிட்டது. நான்தான் காக்காவை ஏற்றிப் போனேன். அலுவலகப் பெரியவர் வாசலிலேயே நின்றார்.

"காலையில இருந்து ஒரு வேலையும் நடக்கல்ல காக்கா!"

"நேத்து நடந்ததா சேர்?"

ஒவ்வொரு மேசையாகப் போனார். ஒவ்வொன்றுக்கும் மௌத்து சொன்னார். பெரியவர் தலையில் கைவைத்தார். கடைசியில் காக்கா அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நெட்வேர்க் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு யாரோ கேத்தலைச் சொருகியிருந்தார்கள். காக்கா உடனே சொல்லவில்லை. தண்ணீர் கொதிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணி குடித்தார். பிறகு வயரை மாற்றிச் சொருகினார்.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏன் காக்கா சனத்தைப் பயப்படுத்துறீங்க?"

"நல்லாகும் எண்டு செல்லி, நல்லாகாட்டி அந்த மொகத்த என்னால பாக்க ஏலா தம்பி. முதல்லயே மௌத்துச் செல்லிட்டா, கிடைக்கிறது எல்லாம் லாபம்."

நியாயமாகத்தான் பட்டது.

அந்த மாரியில் வவுணதீவில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. நெல் மூட்டையைத் தூக்கினேன். கோழிகளைத் தூக்கினேன். நிலத்தில் இருந்த கம்பியூட்டர் பெட்டியை மறந்துபோனேன். தண்ணீர் வற்றிய பிறகுதான் பார்த்தேன். உள்ளே சேறு.

மகள் பெரியவளான சாமத்தியச் சடங்கு வீடியோ அதற்குள் இருந்தது. அதில் ஒரு இடத்தில் என் மனைவி குசினியில் நின்று வீடியோக்காரப் பொடியனுக்கு ஏசுவாள். அவள் கண்ணை மூடிய பிறகு படங்கள் நிறைய மிஞ்சின. குரல் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.

காக்காவிடம் கொண்டுபோய் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"வேற கொப்பி இரிக்கா?"

"இல்ல."

கொப்பி எடுக்காதவனை அவர் கடையைவிட்டுத் துரத்துவார். எனக்கு ஏசவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். சேற்றுத் தண்ணீர் மேசையில் சொட்டியது. துடைத்தார், காயவைத்தார், வயரை மாட்டினார். டிக், டிக் என்று ஒரு சத்தம். காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மௌத்து என்று சொல்லட்டும், சொன்னால் பிழைக்கும் என்று நினைத்தேன்.

"பாப்பம் தம்பி" என்றார். "ஆறுதலாப் பாப்பம்."

வெளியே மற்ற ஆட்டோக்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள்.

"உனக்கு மட்டும் மௌத்துச் சொல்லல்லடா! அதிர்ஷ்டக்காரன்!"

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

செத்த டிஸ்க்குகளை அவர் ஒரு அரிசிச் சாக்கில் போட்டு வைப்பார். என்னுடையதை மட்டும் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தார். போகும்போதெல்லாம் ஏதாவது சொல்வார்.

"நேத்து கொஞ்சம் அசைஞ்சிது."

"நல்லம் காக்கா."

"கொழும்பில ஒரு ஆளுக்கிட்டயும் கேட்டிரிக்கன்."

"நல்லம்."

ஒரு மாரி போய் அடுத்த மாரியும் வந்தது. அவர் பொய் சொல்லிக் களைத்துப் போயிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. நானே கேட்டேன்.

"காக்கா, அது மௌத்துத்தானே?"

கையில் இருந்த வேலையை விட்டார். தெருவைப் பார்த்தார்.

"அவ என்ன செல்லி ஏசின?"

சொன்னேன்.

"என்ட மூஞ்சியப் படம் புடிச்சி என்ன செய்யப் போறாய் மனே? போ, போய்ச் சோத்தத் தின்னு."

அவள் இழுத்துச் சொல்வது போலவே வாயில் வந்துவிட்டது. காக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். பிறகு குனிந்துகொண்டார்.

"இன்னொருக்காச் செல்லு" என்றார்.

இன்னொருக்காச் சொன்னேன்.

இப்போது கடை இல்லை. காக்கா காத்தான்குடியில் வீட்டோடு இருக்கிறார். அந்தப் பக்கம் போக யாராவது கைகாட்டினால், நான் காசு பேசாமல் ஏற்றிக்கொள்வேன். அப்படியே காக்காவையும் பார்த்துவிட்டு வரலாம்.