வெள்ளிக்கிழமை காற்று நின்றது

ஒரு ஊர் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் தலைக்குத் தண்ணீர் வார்த்து முழுகுவதால் அந்த ஊரின் காற்றே மாறுகிறது என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முப்பத்தெட்டுப் பக்கத்தில், வண்ணப் படங்களோடு எழுதியும் வைத்தேன். இன்று கூட்டங்களில் என்னைக் காலநிலை விஞ்ஞானி என்று அறிமுகப்படுத்தும்போதெல்லாம், அதை யாராவது தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று கூட்டத்தை ஒருமுறை நோட்டமிடுவேன்.

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பட்டம் முடித்துவிட்டு நெல்லியடியில் அம்மாவின் சோற்றையும் ஏச்சையும் மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தேன். நிலமும் காற்றும் தண்ணீரை எப்படிக் கொடுத்து வாங்குகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணற்றில் இறைத்த தண்ணீர் மண்ணில் விழுகிறது. கொஞ்சம் கீழே இறங்குகிறது, மிச்சம் ஆவியாகி மேலே போகிறது. மேலே போவது எவ்வளவு என்று கணினியில் அதற்கொரு கணித மாதிரியை அமைத்துக் கணக்கிடவேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியை ஒருவர் தன் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மாணவரைத் தெரிவுசெய்ய வருவதாக இருந்தது. இடம் ஒன்று, கேட்டவர்கள் ஐந்து பேர். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் மாமாவின் இரும்புக் கடை (அங்கே நான் உட்காரும் கதிரை எது என்பது வரை அம்மா பேசி முடித்திருந்தார்).

வலிகாமத்தில் அன்னம் அக்காவின் வெங்காயத் தோட்டத்தில் என் கருவிக் கம்பத்தை நட்டேன். ஆள் உயரக் கம்பம். உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கச் சுழலும் மூன்று கிண்ணங்கள். நடுவில் வெள்ளைத் தட்டுகளுக்குள் ஈரப்பதம் அளக்கும் கருவி. காலடி மண்ணுக்குள் இன்னொன்று. தனி ஆளாகத் தோட்டம் செய்யும் அக்காவுக்கு ஒரு பாத்தியை விட்டுத்தரவும் மனம் வரவில்லை.

"உதிலை வைரவருக்குப் பக்கத்திலை நடுங்கோ தம்பி. அங்கைதான் வெங்காயம் இல்லை" என்றார்.

கிணற்றடியில் சூலம் ஒன்றை நட்டு வைரவர் என்று கும்பிடுவது எங்கள் தோட்டங்களில் வழக்கம். சூலத்துக்கு இரண்டு முழம் தள்ளி என் கம்பம் நின்றது. எனக்கும் அந்த இடம் பிடித்துக்கொண்டது. நல்ல வெட்டவெளி.

மச்சானின் மோட்டார் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கிடைக்கும். ஆகவே ஞாயிறுகளில் போய்த் தரவுகளை இறக்கிக்கொண்டு வருவேன். கம்பம் எப்போதும் பளிச்சென்று இருக்கும். வெள்ளைத் தட்டுகள் மட்டும் வாரத்துக்கு வாரம் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. குறிப்பேட்டில் 'செம்மண் புழுதி' என்று எழுதினேன். (செம்மண் புழுதி செம்மையாக அல்லவா இருக்கும் என்று கேட்க எனக்கு மூளை வேலை செய்யவில்லை.)

ஐந்தாவது ஞாயிறு வரைபடம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வெள்ளியும் காலை ஏழு மணிக்கு ஈரப்பதம் விறுவிறென்று ஏறுகிறது. மண்ணும் நனைகிறது. அதே நேரம் காற்று அடியோடு நிற்கிறது! எட்டு மணிக்குப் பிறகு மெல்ல மெல்ல வீசத் தொடங்கி, ஒன்பது மணிக்குப் பழையபடி வீசுகிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத மாதம் அது.

எனக்குப் புல்லரித்துப்போயிற்று. மழைக்கு வெள்ளியும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. கிழமை பார்த்து நடப்பது மனிதர்கள் மட்டும்தான். அப்படியானால் வெள்ளியில் மட்டும் இந்த ஊர் என்ன செய்கிறது? வீடு கழுவுகிறது, முற்றம் தெளிக்கிறது, முழுகுகிறது! அத்தனை கிணற்றுத் தண்ணீரும் ஒரே காலையில் மண்ணில் விழுந்து, ஆவியாகி, கனத்து, காற்றையே நிறுத்திவிடுகிறது! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அறைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அம்மா கதவைத் திறந்து பார்த்து, "விசர் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டுவிட்டுச் சாத்தினார்.

இனி வேண்டியது கணக்கு. எழுத ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரில் வீடு வீடாக இறங்கினேன். கேள்வி ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை முழுக எத்தனை வாளி தண்ணீர்? இருபத்தைந்து வயதுப் பொடியன் வாசல் படலையில் நின்று பெண்களிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் நாயை அவிழ்த்தார்கள். ஒரு ஐயா விளக்குமாற்றோடு வந்து, "ஆரின்ரை பிள்ளையடா நீ? பொம்பிளையள் முழுகிறதையோ எண்ணுறாய்?" என்றார். நான் திரும்பி வரமுன் செய்தி நெல்லியடிக்குப் போய்விட்டது. அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. விஞ்ஞானம் என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

பேராசிரியை வந்தார். முப்பத்தெட்டுப் பக்கத்தையும் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாளை வெள்ளி. நேரில் பார்ப்போம்" என்றார். மற்ற நாலு பேரிடமும் அவர் அப்படிச் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்குத் தோட்டத்துக்குள் இறங்கினோம். சாம்பிராணி மணந்தது. வைரவர் சந்தனமும் செவ்வரத்தம் பூவுமாக நின்றார். பக்கத்தில் என் கம்பமும் அப்படியே நின்றது. மூன்று பட்டையாகத் திருநீறு. உச்சிக் கிண்ணங்களை இறுக்கிக்கொண்டு ஒரு வடைமாலை. முழுகிய ஈரத்தலையோடு அன்னம் அக்கா ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் வார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்கிறார்?" என்று பேராசிரியை என்னிடம் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் படிப்பு முழுவதும் அந்த மொழிபெயர்ப்பில் தொங்கியது.

"கருவியைக் கழுவுகிறார்" என்றேன்.

"அக்கா, என்ன இது?" என்று மெல்லக் கேட்டேன்.

"வைரவருக்கு வாத்துப்போட்டு, பக்கத்திலை நிக்கிறதுக்கு வாக்காமல் போறதோ தம்பி? உது வந்த பிறகுதான் வெங்காயம் நல்லாய்க் கிடக்கு. அவருக்குப் பதினொரு வடை, உதுக்கு அஞ்சு. சனிக்கிழமை துடைச்சும் விடுறனான்" என்றார் அக்கா. எங்கள் இருவர் கையிலும் ஒவ்வொரு வடை வைத்தார்.

பேராசிரியை வடையைக் கடித்தார். அசையாத கிண்ணங்களைப் பார்த்தார். என் வரைபடத்தை எடுத்து விரித்தார். மறுபடியும் ஒரு கடி.

"காகங்கள் எத்தனை மணிக்கு வரும் என்று கேள்."

கேட்டேன். "எட்டு மணிக்குக் காகம் வரும். ஒம்பதுக்குள்ளை எல்லா வடையையும் கொண்டுபோயிடும்" என்றார் அக்கா.

காற்று மெல்ல மெல்ல வீசத் தொடங்குவதன் காரணம் விளங்கிவிட்டது. நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. இரும்புக் கடைக் கதிரை கண்ணுக்குள் வந்து நின்றது. இனி மறைக்க என்ன இருக்கிறது? அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கழுவுகிறார் என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

பேராசிரியை கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார். அக்கா பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போடு" என்றார். பிறகு என் கையிலிருந்த வாளிக் கணக்குக் கொப்பியை வாங்கிப் புரட்டினார். அதிக நேரம் புரட்டினார்.

"இதை எப்படி எடுத்தாய்?"

"வீடு வீடாய்க் கேட்டேன்."

"ஏச்சு விழவில்லையா?"

"நாயையும் அவிழ்த்துவிட்டார்கள்."

"வீட்டுக் கிணற்றில் அள்ளும் தண்ணீரை நாங்கள் எல்லோரும் மாதிரிகளில் ஊகித்துத்தான் போடுகிறோம். நீ போய்க் கேட்டிருக்கிறாய்" என்றார். கொப்பியை மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "கடவுச்சீட்டு இருக்கிறதா?"

எனக்கு அழுகை வந்தது. வடை கையில் இருந்ததால் அதைத் தின்றேன்.

இன்றும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், தரவில் விளங்காத துள்ளல் ஒன்று வந்தால், "முதலில் வடையைச் சோதி" என்பார்கள். தமிழே தெரியாதவர்களும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். வீட்டில் என் பெயர் வாளி. என் கலியாணத்தில் மச்சான் ஐந்து வடை கோத்து என் கழுத்தில் போட்டான். அம்மாதான் சுட்டுக் கொடுத்தவர்.

போன மாதம் அன்னம் அக்கா கைபேசியில் காணொளியாக அழைத்தார். இங்கே பனிவெளியில் நிற்கும் என் புதிய கம்பத்தைக் காட்டினேன்.

"அங்கை உதுக்கு ஆர் தம்பி வாக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"பாவம்" என்றார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வெந்நீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனேன். அன்று காலை ஈரப்பதத்தில் வந்த துள்ளலுக்கு என்ன காரணம் என்று என் மாணவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.