முயல் படம் போட்ட தகரம்

மாணவர் விடுதி வாசலில் எள் விழ இடமில்லை. மந்திரத் தகடு விற்கும் தகடு ஐயா வந்திருந்தார். எழுத உட்கார்ந்தால் கொட்டாவி வருகிறதா? பிடரியில் மந்தப் பிசாசு குந்தியிருக்கிறது என்று அர்த்தமாம். இயற்பியல் முதுகலை படிக்கிறவர்கள்கூடப் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது!

விடுதி மாணவன் சார்ஜருக்குக் கழுத்துவரை வெள்ளம். கைபேசியும் பிளக்குமாகவே கிடப்பதால் வந்த பெயர். ஆய்வறிக்கையில் தலைப்பும் நன்றியுரையும் மட்டும் எழுதியிருந்தான். இருபது நாளில் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை என்று துறைத்தலைவர் கடைசிக் கடிதம் கொடுத்துவிட்டார்.

கறுப்புத் துணியில் வைத்துத் தைத்த செப்புத் தகட்டை நீட்டினார் ஐயா. "தலைமாட்டுல வைங்க தம்பி. பத்து மணிக்கு போனை அணைச்சு அலமாரில பூட்டிடணும். அதோட கதிர் தகட்டைக் கெடுத்துடும். துணியைப் பிரிச்சீங்க, சக்தி போச்சு."

சார்ஜர் போனைப் பூட்டினான். தூங்கினான். எழுதினான். பதினெட்டாம் நாள் அறிக்கை அட்டை போட்டுக் கைக்கு வந்தது.

ஐயா சும்மா விடுவாரா? கூட்டத்தின் நடுவே அவனை நிறுத்தி, பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்தினார். "அப்பா, சுடுது! என் தகடு பேசுது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"பிரிச்சுப் பாக்கலாமா?" நூலகத்து அக்கா கத்தரிக்கோலோடு முன்னால் வந்தார்.

"சக்தி போயிடும்மா!"

"அறிக்கைதான் முடிஞ்சுதே. இனி போனா என்ன?"

நறுக். பிஸ்கட் டப்பாவிலிருந்து வெட்டிய தகரம் விழுந்தது. அதில் பாதி முயல்.

சார்ஜர் குனிந்து அதைப் பொறுக்கினான்.

"முதல் நாளே பொட்டலத்தை நூலகத்துல விட்டுட்டுப் போன. உள்ள இருந்ததை மாத்தித் தைச்சுக் கொடுத்தேன்," என்றார் அக்கா. "இவரோட தகடு உன் ரூம்மேட் தலையணைக்குள்ள இருக்கு. அவன் போனை மட்டும் விடல."

"ஒரு வரி எழுதலடா," என்று கொட்டாவி விட்டான் அறைத்தோழன்.

"அப்ப அறிக்கையை எழுதினது யாரு அக்கா?" என்றான் சார்ஜர்.

"தூங்கி எழுந்த நீதான்டா. பிசாசு பிடரில இல்ல, உன் கைல இருந்துச்சு."

"முயலா ஐயா சுட்டுச்சு?" என்று ஒருவன் கத்தினான். ஐயா பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். சார்ஜர் அறிக்கையோடு துறை அலுவலகத்துக்கு ஓடினான்.

கூட்டம் கலையவில்லை. அக்காவைச் சூழ்ந்துகொண்டது.

"அக்கா, அந்த பிஸ்கட் எந்தக் கடைல கிடைக்கும்?"

அறிக்கையைத் தள்ளிப்போட்டால் ஒரு பட்டம் போகும். யோசிப்பதைத் தள்ளிப்போடுங்கள், உங்கள் தலையில் மிளகாய் அரைக்க ஆளுக்கா பஞ்சம்?