மேடையில் என்னிடம் கணக்குக் கேட்காதீர்கள்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய நூரிஸ் அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் யுர்லெய்திஸ், கொசுவலைக்குள் ஒளிந்துகொண்டு அப்பாவின் டார்ச் வெளிச்சத்தில் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கோழிகள் எல்லோரும் நலம். நாளை சாயங்காலத்துக்குப் பிறகு நான் நலமாக இருப்பேனா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நெட் எட்டாத எங்கள் ஆற்றங்கரைக்குப் பயணிகள் படகில் ஒரு பெட்டியை மாட்டிக் கணக்குப் பாடம் அனுப்பினீர்கள். படகு துறையைத் தொட்டால் கரையிலுள்ள போன்களில் பாடம் இறங்குகிறது, எங்கள் விடைகள் ஏறுகின்றன. ஒரு வாரப் பாடம் ஒரு முட்டை அரேப்பா ரொட்டியின் விலைதான். வீட்டுக்கு ஒரு பெயர் என்று என் பெயரைப் பதிந்தீர்கள். இந்த ஆற்றிலேயே நான்தான் முதல் மதிப்பெண் என்று நாளை எனக்கு மேடையில் டேப்லெட் தரப்போகிறீர்கள். அத்தை, நான் மூன்றாவது பாடத்தோடு நிறுத்திவிட்டேன். மீதியை எழுதியது அம்மா.

துறையில் மீன் பொரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள், ஒருநாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று மீன் கருகியது. மறுநாள் படகு நின்றது. "லூதிஸ் அக்கா, மீன் பொட்டலத்தைக் குடுங்க, கிளம்பணும்" என்றார் படகோட்டி எவெர்த்தோ. "இருடா, இந்தப் பின்னம் முடியட்டும். மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசா?" "நாலுதான் பெருசு!" என்றார் அவர். "உன்னை நம்பி ஆத்துல இறங்கினேன் பாரு!" என்று ஒரு பயணி கத்த, படகே இரண்டு கட்சியாகி, அம்மா ஒரு மீனை மூன்றாகவும் இன்னொன்றை நான்காகவும் வெட்டிக் காட்டிய பிறகுதான் கிளம்பியது. இப்போது தினமும் படகு அரை மணி தாமதம், கணக்கு முடியாமல் யாரும் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியுமே, அதனால் உங்களிடம் சொல்ல அவளுக்கு வெட்கம். "நாத்தனார்கிட்ட மார்க் வாங்கிப் பொழைக்கிறேன்னு ஊர் சிரிக்கும். மூச்சு விட்டே, இதே எண்ணெயில உன்னைப் பொரிச்சிடுவேன்" என்கிறாள். வாரம் ஐந்து வீதம் பதினோரு வாரத்தில் ஐம்பத்திரண்டு பாடங்கள் வந்துவிட்டன, இன்னும் எட்டு பாக்கி. ஏமாற்று வேலை என்று எங்கள் பெயரை வெட்டிவிடாதீர்கள். பாடம் நின்றால் அம்மா தாங்க மாட்டாள், ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடுகிறாள். மேடையில் என்னிடம் ஏழாம் வாய்ப்பாடு மட்டும் கேளுங்கள், அதுவும் பாதி வரைக்கும்.

கார்மேன் மாதா உங்களையும் பெட்டியையும் படகையும் காக்கட்டும். விடியற்காலைப் படகில் எவெர்த்தோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்து ஆற்றில் போட்டுவிடுங்கள்.

உங்களை நம்பி,
யுர்லெய்திஸ்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்து அம்மா வந்து முழுவதையும் படித்துவிட்டாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பென்சிலை வாங்கி ஐம்பத்திரண்டை அடித்து ஐம்பத்தைந்து என்று திருத்தினாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து:

"நூரிஸ், நாளைக்கு மேடைக்கு நான்தான் வர்றேன். கேள்வியைக் கொஞ்சம் கஷ்டமாவே கேளு. லூதிஸ் அண்ணி."