மண்டபமே பார்த்த எடிட்டிங்

தனியாளாக வீடியோ எடுப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. எது கெட்டுப்போனாலும் யார் செய்தது என்று விசாரிக்க வேண்டியதில்லை. வேலையைப் பேசி முடிப்பது, படம் பிடிப்பது, வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்ப்பது, கடைசியில் திரையில் ஓட்டுவது எல்லாம் நானே.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது (நானும் அதை). லோரி, கார் கழுவுமிடம், செமினியில் கோழிப்பண்ணை என்று சுற்றிவிட்டுக் கேமராவைப் பிடித்தேன். முதல் கல்யாண வேலை கிடைத்ததும் கிள்ளானில் இருக்கும் அக்கா கெடு வைத்தாள்.

"இது சொதப்புச்சுன்னா திங்கக்கிழமை எங்க பேக்டரிக்கு வந்துரு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்லா."

கல்யாணம் பிரிக்ஃபீல்ட்ஸில். காலையில் கோயிலில் தாலி, மாலையில் மண்டபத்தில் விருந்து. காலையில் எடுத்ததை அன்று மாலையே சின்னப் படமாகக் காட்டுகிறேன் என்று வாயை விட்டிருந்தேன். லேப்டாப்பை மண்டபத்தின் பெரிய ஸ்கிரீனோடு கேபிளால் இணைத்துப் பார்த்தேன், படம் தெரிந்தது. நிம்மதியாக மேடைப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு எடிட்டிங்கில் இறங்கினேன். கேபிளைக் கழற்றவில்லை.

அதாவது, நான் பார்த்ததையெல்லாம் மண்டபமே பார்த்தது.

ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளமாக ஒரு பெயர் அடித்து வைப்பது என் பழக்கம். 'நடிக்கிற அத்தை' (கண்ணீரே வராமல் கண்ணைத் துடைத்தவர்). 'மூணு பந்தி அங்கிள்'. 'தூங்குற மாப்பிள்ளை'. எல்லாரையும் 'குப்பை' என்ற ஃபோல்டருக்குள் தள்ளினேன். ஹெட்போனையும் மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அறிவிப்பாளர் நன்றாக ஜோக்கடிக்கிறார் போலிருக்கிறது என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன்.

அடுத்தது தாலி கட்டும் காட்சி. அதில் தாலியே இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்ற ஒருவரின் சந்தன நிற ஜிப்பா முதுகுதான் திரை முழுக்க. கடுப்பில் 'மறைக்கிற மாடு' என்று அடித்தேன்.

படுதா விலகியது. அதே ஜிப்பா, இம்முறை முகத்தோடு. பெண்ணின் பெரியப்பா. விருந்துச் செலவே அவருடையது.

"தம்பி, மாடுன்னு போட்டது என்னையா?"

எப்படித் தெரியும் என்று கேட்க வாயைத் திறந்தபோதுதான் கேபிள் கண்ணில் பட்டது. மன்னிப்புக் கேட்டாலும் திங்கட்கிழமை பேக்டரிதான், கேட்காவிட்டாலும் பேக்டரிதான். அப்புறம் எதற்குக் கேட்பது?

"ஆமா அங்கிள். ஒரே ஒரு தடவ கட்டுற தாலி. கரெக்டா அப்ப வந்து நின்னீங்க. நீங்களே பாருங்க."

ஓட்டிக் காட்டினேன். மண்டபமும் பார்த்தது. நாதஸ்வரம், முதுகு. கெட்டிமேளம், முதுகு. வெளியே ஒரு பெண்குரல் மைக் இல்லாமலே முழங்கியது. பெரியம்மா.

"காலையிலயே சொன்னேன், நவுந்து நில்லுங்கன்னு! கேட்டாரா இந்த மனுஷன்?"

பெரியப்பா ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை நீட்டினார்.

"இதுல தாலி நல்லா விழுந்திருக்குலா. எடுத்துக்க. அந்த மாட்ட மட்டும் அழிச்சிரு, பாஸ்."

"பேர அழிச்சிடுறேன் அங்கிள். முதுகு இருக்கும்."

இருந்தது. அன்று ஓட்டிய படத்தில் அவர் போனில் எடுத்த தாலியும் வந்தது, அட்சதை மழையில் நனைந்த அவர் முதுகும் வந்தது. முதுகுக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்த அத்தை மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நானும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. கண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லைதான்.

திங்கட்கிழமை நான் பேக்டரிக்குப் போகவில்லை. சுபாங் ஜெயாவில் இன்னொரு கல்யாண வீடியோ வேலை பேசப் போனேன். அனுப்பி வைத்தவர் பெரியப்பா. அக்காவும் அதற்குப் பிறகு பேக்டரிப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் வீட்டில் யாரைப் பற்றியாவது புறம்பேச உட்கார்ந்தால், தொடங்குமுன் என்னைப் பார்த்து ஒரு தடவை கேட்டுக்கொள்வாள்:

"டேய், கேபிள கழட்டிட்டியா?"