யோகேஸ்வரன் வீட்டுச் சிங்களம்

“இல்லங்க டீச்சர், வீட்டுல தமிழே கெடையாது. சுத்தச் சிங்களந்தான்.”

யோகேஸ்வரன் இப்பிடிப் பொய் சொன்னப்ப, பொஞ்சாதி பூரணி பக்கத்துலதான் நின்னா. அவளுக்குத் தெரிஞ்ச சிங்களம் மூணே சொல்லு: ஹரி, எப்பா, கீயத. சரி, வேணாம், எவ்வளவு. குடும்பம் நடத்த ஒரு பொம்பளைக்கு இதுவே ஜாஸ்தின்னு அவன் கட்சி.

சிங்களப் பாலர் பாடசாலை சுதர்ஷினி டீச்சர் தலைய ஆட்டுனாங்க.

“அது தப்புங்க. டிலானிக்கு அஞ்சு வயசு. சிங்களத்துல கேட்டத வீட்டுல தமிழ்ல சொல்லிப் பாக்கட்டும். சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வளரும். ஞாபகம் வளந்தாத்தான் ரெண்டு பாஷையும் நிக்கும்.” பூரணி பக்கம் திரும்பினாங்க. “தெனமும் அவ கேட்டதெல்லாம் ஒங்ககிட்ட கதையாச் சொல்லட்டும். நீங்க குறுக்க பேசாமக் கேட்டாப் போதும்.”

“குறுக்க பேசாமயா? இவளா?” யோகேஸ்வரன் சிரிச்சான். டீச்சர் சிரிக்கல.

அவன் ஒரு பெரிய தீர்மானத்துல இருந்தான். குடும்பம் முன்னேறணும். அதுக்கு யாராவது ஒருத்தர் மாடா ஒழைக்கணும். யாருன்னு யோசிச்சப்ப, ஆறு வருஷமா வேலை தேடிக் களைச்சுப் போயிருக்குற தன்னையத் தொந்தரவு பண்ண அவனுக்கு மனசு வரல. பூரணிய கொழும்புப் பங்களா ஒண்ணுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிடலாம். அவளா ஒத்துக்க மாட்டா. எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு, வேன் வந்து நிக்கிறப்ப சொல்லிக்கலாம்.

பங்களா வீட்டுக்காரம்மா, அந்த நோனாவோட ஃபோன்ல பேச அவன் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்ட விட்டு வெளிய போகவே இல்ல. எதுக்குப் போகணும்? பூரணி அடுப்புல ரொட்டி சுடுவா. அவன் அங்கனயே ஒக்காந்து, கணீர்னு சிங்களத்துல அவள வித்துக்கிட்டு இருப்பான். டிலானி தரையில படம் கீறிக்கிட்டு இருப்பா.

“யாருங்க ஃபோன்ல?”

“பழைய மொதலாளி. சொகம் விசாரிக்கிறாரு.”

“தெனமுமா?”

“பெரிய மனுசங்க அப்பிடித்தான்.”

வேன் வர்ற ஞாயித்துக்கெழமையும் வந்துச்சு. காலையில அவன் ரொட்டியப் பிச்சு வாயில வச்சப்ப, பூரணி ஒரு பேக்குல துணி அடுக்கிக்கிட்டு இருந்தா. சட்டையெல்லாம் அவனோடது.

“என்னாடி இது?”

“இன்னைக்கி நோனாவோட வேன் வருதுல்லங்க.”

அவன் ரொட்டிய அவசரமா முழுங்குனான். “எந்த நோனா?”

“பத்துப் பேரு குடும்பம், ரெண்டு நாயி, ஆறு மாசத்துக்கு ஒருக்கா லீவு. அந்த நோனா.”

“யாரு சொன்னா?”

“டீச்சர் குறுக்க பேசாமக் கேக்கச் சொன்னாங்க. கேட்டேன்.”

“அஞ்சு வயசுப் புள்ளைக்கு என்னா வெளங்கும்?”

“வெளங்காத சொல்லையும் அப்பிடியே மனசுல வச்சிருந்து ஒப்பிச்சா. டீச்சர்கிட்டக் கேட்டு அர்த்தம் எடுத்தோம்.” பூரணி சட்டைய நிதானமா மடிச்சா. “‘நல்ல ஒடம்பு நோனா, காச்சல்னு படுக்க மாட்டா, மூணு ஆளு வேலை செய்வா.’ இந்த ஏழு வருஷத்துல நீங்க என்னையப் பாராட்டுனது அது ஒண்ணுதாங்க. அதையும் எனக்குத் தெரியாத பாஷையில.”

அவன் சிரிக்கப் பாத்தான்.

“நீங்க தூங்குனப்ப ஒங்க ஃபோன்லயே டிலானியப் பேச வச்சு நோனாகிட்டக் கேட்டேன். தோட்டங் கொத்த, நாயி குளிப்பாட்ட ஆம்பள ஆளும் வேணுமாம். நீங்க என்னையப் பத்திச் சொன்னத புள்ள அப்பிடியே ஒங்களப் பத்திச் சொன்னா. ஒரு சொல்லு பெசகல.”

“நான் போக மாட்டேன்!”

“போகாதீங்க. நாளைக்கிக் காலையில பெரட்டுல வேலை பிரிக்க ஆளுங்க கூடி நிக்கிறப்ப டிலானி எல்லாத்தையும் சொல்லட்டும். மேல்பார்வை பாக்குற கண்டாக்கு ஐயாவுக்குச் சிங்களத்துல. எங்க அண்ணனுங்களுக்குத் தமிழ்ல.”

அண்ணனுங்க மூணு பேரு. மூணு பேரும் தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவங்க.

கீழ ரோட்டுல ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. யோகேஸ்வரன் பேக்கத் தூக்குனான். வாசல்ல, தகப்பன் மாதிரி ஒரு நிமிஷம் நிக்கலாம்னு தோணுச்சு.

“அப்பா போயிட்டு வாரேன் புள்ள. அழக்கூடாது.”

டிலானி அழல. யோசிச்சா.

“‘புள்ளைக்கி அஞ்சு வயசுதானே நோனா, ஒரு மாசத்துல அம்மாவ மறந்துரும்’னு சொன்னீங்கல்லப்பா?”

அவன் பூரணியப் பாத்தான். அவ அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னா. இத மட்டும் அவ சொல்லிக் காட்டவே இல்ல.

“அப்பாவ மறக்கவும் ஒரு மாசம் ஆகுமா?”

“யமு, யமு!”ன்னு கீழயிருந்து டிரைவர் கத்துனான். போலாம், போலாம். யோகேஸ்வரன் “ஹரி, ஹரி”ன்னு டிரைவருக்கு மட்டும் பதில் சொன்னான். போனான்.